நாற்பது வினாடி அறிவிப்பு

"மேலேருந்து வர்றது எல்லாருக்கும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் என் வீட்டுல மட்டும் அவ சொன்னதையே சொல்லிட்டிருக்கா?"

தையல் பெரியம்மா என்னிடம் இதைக் கேட்டது ஒரு மாதத்தின் இரண்டாம் தேதி, கடையைத் திறந்த கையோடு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டும் உலோகத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். அந்த விரலாலேயே கவுன்டர் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை வாய்வரைக்கும் கொண்டுவருவதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது முதல் சொல்லே தொண்டையில் மாட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. மூன்றாவது வாரம் அப்பா, "வயிறு வலிக்கிறவங்க கடையில உக்காரலாமே" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவை எல்லோரும் டிஷ்காரர் என்பார்கள். அவர் மொட்டை மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்புவார். கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் கத்த வேண்டும். "வருதா?" "வந்துடுச்சு!" "போச்சு!" என் குரல் ஒரு மாடிகூட ஏறாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: தண்ணீர்க் குழாயில் ஸ்பேனரால் ஒரு தட்டு என்றால் வந்துவிட்டது, இரண்டு தட்டு என்றால் வரவில்லை. "ஊர்ல எல்லாரும் பிள்ளைக்குப் பேச்சு வரலைன்னா வைத்தியம் பார்ப்பாங்க. நான் குழாய்க்குப் பேச்சுக் கத்துக்கொடுத்துட்டேன்" என்று சொல்லி அப்பா சிரிப்பார்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு சேனலுக்கும் டிவியோடு மாட்டும் பெட்டியில் அடிக்க வேண்டிய எண்கள் இருக்கின்றன. அவற்றை அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய துண்டுகளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அப்பாவுக்குக் கிட்டப் பார்வை மங்கல். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "என் பொண்ணு எழுதினா அச்சு. கண்ணை மூடிட்டு அடிக்கலாம்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வார்.

அந்த மாதம் ஒன்றாம் தேதி அந்த எண்களெல்லாம் மாறின. எண்கள் மட்டுமல்ல, அனுப்பும் முறையே மாறியது. பழைய தரத்தில் அலையின் ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு நிலைகள். புதிய தரத்தில் எட்டு. அதே அலையில் கூடுதலாக ஏற்றி அனுப்பலாம். ஆனால் நான்கு மட்டும் எண்ணத் தெரிந்த பழைய பெட்டிக்கு எட்டைப் படிக்கத் தெரியாது. கம்பெனி இதையெல்லாம் விளக்கி ஒரு தடிமனான புத்தகம் அனுப்பியிருந்தது. அப்பா அதை ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். நான் அதை உருவிவிட்டுச் செங்கல் வைத்தேன். படிக்க ஆளில்லாத புத்தகமும் பேச ஆளில்லாத நானும் ஒரு வாரம் சேர்ந்தே இருந்தோம்.

பெரியம்மாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். அவர் பார்க்கும் சேனல் புதிய தரத்துக்குப் போய்விட்டது. பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காக, பழைய இடத்தில் மாதம் முடியும்வரை ஓர் அறிவிப்பு மட்டும் ஓடும். நாற்பது வினாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

இதைத் துண்டு துண்டாகச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"அப்போ மாத்திக்கோன்னு என்கிட்டதான் சொல்றாளா?"

"எல்லாருக்கும் சொல்றாங்க, பெரியம்மா."

"எல்லாருக்கும்னா அதுல நானும் உண்டுல்ல?" சிரித்தார். பிறகு கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதே. உன்கிட்ட போய் இதைச் சொல்றேன் பாரு, உன்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லுதான். அவ என் பொண்ணு."

நான் உள்ளே போய்க் கடை டிவியில் அந்தப் பழைய இடத்தை வைத்தேன். நீல நிறப் பின்னணியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவின் நெற்றி, பெரியம்மாவின் மூக்கு. "அன்பார்ந்த நேயர்களே, நமது அலைவரிசை புதிய தரத்துக்கு மாறியுள்ளது" என்று தொடங்கினாள். அதிர்வெண் பதினோராயிரத்து அறுநூற்று எண்பது. செங்குத்து. சிம்பல் ரேட் முப்பதாயிரம். பிழை திருத்தம் நான்கில் மூன்று. "உங்கள் பெட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து எங்களோடு இருங்கள்."

நான்கில் மூன்று என்றால், நான்கு பங்கு அனுப்பினால் அதில் மூன்று பங்குதான் விஷயம். நான்காவது பங்கு, வழியில் கெட்டுப்போனதைச் சரிசெய்துகொள்வதற்காகச் சேர்த்து அனுப்புவது. அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டபோது அப்படி ஒரு பங்கு சேர்த்து அனுப்பவில்லை போலிருக்கிறது. பெரியம்மா சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது அதுதான். "நீ போற இடத்துக்கு நான் வரமாட்டேன், நீயும் இங்க வராதேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ அதை அப்படியே எடுத்துக்கிட்டா." நான்கு வருடம். போன் இல்லை, கடிதம் இல்லை. தினமும் மாலை ஏழு மணிக்குச் செய்தி வாசிக்கும் மகளை அம்மா பார்ப்பார். அதற்கென்றே, எல்லோர் டிஷ்ஷும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க அவர் மாடியில் இருந்த டிஷ் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"போன மாசம் கடைசி வாரம் வேற யாரோ வாசிச்சாங்க. லீவு போட்டிருப்பா. நேத்திக்கு மறுபடி வந்துட்டான்னு சந்தோஷப்பட்டேன். பார்த்தா ஒரே பாட்டு!" நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். "அவ சொல்லி நான் எதையும் கேட்டதில்லை, பாப்பா. இதையாவது கேக்கறேன். பெட்டியை மாத்திக் குடு."

அன்று மாலை ஏழு மணிக்கு, புதிய பெட்டியில் அந்தச் சேனலை வைத்துப் பார்த்தேன். எங்கள் மாடியில் சோதனைக்காக அதே பக்கம் திருப்பிய ஒரு டிஷ் உண்டு. செய்தி வாசித்தது வேறு ஒரு பெண். குட்டை முடி. மறுநாளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை செய்திக்குப் பின்னால் அங்கே வேலை செய்பவர்களின் பெயர்களெல்லாம் திரையில் ஏறிப்போகும். பெரியம்மா சொன்ன பெயரைத் தேடினேன். இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

வேலையை விட்டுவிட்டாளா, வேறு எங்கே போனாள், எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: அவள் இப்போது பெரியம்மாவுக்கு மிச்சமிருப்பது பழைய தரத்தில் ஓடும் அந்த நாற்பது வினாடியில் மட்டும். பழைய பெட்டியைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள். பெரியம்மா மகள் சொன்னபடி செய்தால், மகள் போய்விடுவாள்.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா தினமும் வந்தார். புதிய பெட்டிகள் வந்துசேரப் பத்து நாளானது; அதை விசாரிக்கிற சாக்கில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே பேசுவார். எந்த வாடிக்கையாளருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் கூடிவிட்டது, அதை அவர்களிடம் சொல்லாமல் தைத்துக் கொடுக்க என்ன தந்திரம் செய்தார் என்றெல்லாம். எதையும் எழுதி வைக்க மாட்டார், எல்லா அளவும் தலைக்குள் இருந்தது. "தோளு பதினாலேகால், கை ஒன்பது. போன வருஷம் பதினாலு. ஆனா வாயைத் திறக்கலாமா? கழுத்தை அறுத்துடுவாங்க." நான் சிரிப்பேன். நான் பதில் சொல்லாவிட்டாலும் அவருக்குப் பேச்சு நிற்காது. அந்தப் பத்து நாளும் எனக்கு அவர் வரும் மாலை நான்கு மணி ஆவதற்குள் பகல் நீண்டுகொண்டே போனது.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவருக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

பெட்டி வந்த அன்று அப்பா, "பெரியம்மா வீட்டுக்குச் சீட்டு எழுது" என்றார். அட்டையை வெட்டினேன். பதினோராயிரத்து அறுநூற்று எண்பது என்று எழுதினேன். செங்குத்து என்று எழுதினேன். துடிப்புகளின் வேகத்தைச் சொல்லும் சிம்பல் ரேட் என்ற இடத்தில் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கை தானாகப் போகும் எண் அது. பழைய நாளில் பாதிச் சேனல்களுக்கு அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பா அதைத்தான் சொல்வார். யாராவது கண்டுபிடித்தால் கைப்பழக்கம் என்றுதான் நினைப்பார்கள். எண் ஒன்று தவறினாலும் படம் வராது. அந்த ரகப் பெட்டிக்குத் தானாகத் தேடவும் தெரியாது. நாம் சொன்ன எண்ணை மட்டும்தான் அது தேடும்.

பெரியம்மாவின் வீடு ஒரே அறை. தையல் மிஷினைச் சுவரைப் பார்த்துப் போடாமல் டிவியைப் பார்த்துப் போட்டிருந்தார். நாங்கள் போனபோது அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சட்டைக் கையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். "உங்கள் பெட்டியை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று மகள் சொன்னதும் தலையைத் தூக்காமலே, "இதோ வந்துட்டாங்கடி, மாத்திடறேன்" என்றார். நூலைப் பல்லால் கடித்தார். நீல நிறம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அப்பா புதிய பெட்டியை மாட்டி, அட்டையைப் பார்த்து எண்களை அடித்துவிட்டு மாடிக்குப் போனார். நான் குழாயருகே ஸ்பேனரோடு நின்றேன். திரையில் இரண்டு கோடுகள். சிக்னலின் வலு தொண்ணூற்றொன்று. தரம் பூச்சியம்.

"இது நிறைய இருக்கே?" என்று மேல் கோட்டைக் காட்டினார் பெரியம்மா.

"ஏதோ வருதுன்னு மட்டும்தான் அது சொல்லும். வர்றது என்னன்னு புரிஞ்சாதான் கீழ்க் கோடு ஏறும்."

மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வருதா?"

இரண்டு தட்டு.

"இப்போ?"

இரண்டு தட்டு.

அரை மணி நேரம் தட்டினேன். பெரியம்மா கைகளை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து, "கேபிள் பழசு, அக்கா. நாளைக்குப் புதுசா இழுத்துடறேன். அதுவரைக்கும் பழைய பெட்டியே இருக்கட்டும்" என்றார். பழையதை மாட்டினோம். அன்பார்ந்த நேயர்களே என்றாள் மகள். பெரியம்மாவின் முகத்தில் நான் அப்போது பார்த்ததை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா கேபிள் மாற்றினார். அதற்கு இரண்டு நாள் கழித்து டிஷ்ஷின் முன்னால் இருக்கும் குமிழை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மூன்று மாடி. ஒவ்வொரு தடவையும் அதே அட்டை. "இத்தனை வருஷத்துல எனக்குத் தண்ணி காட்டின டிஷ் இது ஒண்ணுதான்" என்று இரவுச் சாப்பாட்டின்போது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். அட்டையைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பழைய இடத்து அறிவிப்பு முப்பதாம் தேதியோடு நிற்கும். அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்க நிறைய வேலை வைத்துக்கொண்டேன்.

இருபத்தேழாம் தேதி மாலை. அப்பா வேறு தெருவில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். பெரியம்மா இரண்டு பெட்டிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். புதியதையும் பழையதையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு உங்கப்பாவை ஏற விடமாட்டேன். பாவம், நொண்டறாரு. இங்கேயே போட்டுப் பார்த்துடு. இங்க படம் வந்தா பெட்டி நல்லா இருக்கு, என் வீட்டுலதான் கோளாறுன்னு ஆயிடும்."

என் கை நகரவில்லை. அவரே புதிய பெட்டியின் வயரை எடுத்து நீட்டினார். மாட்டினேன். வலு தொண்ணூற்று மூன்று. தரம் பூச்சியம்.

"இங்கயுமா?" என்றார். பிறகு, "அந்தச் சீட்டு எங்க?" என்றார்.

அட்டை அப்பாவின் மேசையில் கிடந்தது. அவர் அதை எடுத்து, கண்ணுக்கு எதிரே நீட்டிப் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. மறுபடி படித்தார். அளவு எடுக்கும்போது நாடாவில் விரலை நிறுத்துவதுபோல ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இருபத்தேழாயிரத்து ஐந்நூறுன்னு இருக்கு. அவ முப்பதாயிரம்னுல்ல சொல்றா?"

நான் பெட்டியின் வயரை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"நான் தப்பாக் கேட்டிருக்கமாட்டேன், பாப்பா. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டு, மகள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, மகள் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார். "பதினோராயிரத்து அறுநூற்று எண்பது. செங்குத்து. சிம்பல் ரேட் முப்பதாயிரம். பிழை திருத்தம் நான்கில் மூன்று." கண்ணைத் திறந்து, "அவ சொன்னதை அடி" என்றார்.

அடித்தேன். மூன்று, பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம். கீழ்க் கோடு ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு பூச்சியத்திலிருந்து எழுபத்தொன்றுக்கு ஒரே தாவலில் போய் நின்றது. இந்த முறையில் அரைகுறையாக வருவது என்பதே கிடையாது. வந்தால் மொத்தமாக வரும், இல்லையென்றால் எதுவுமில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"பார்த்தியா!" என்று என் தோளில் தட்டினார். "நீயும் தப்புப் பண்ணுவியா? உங்கப்பாகிட்ட சொல்லமாட்டேன், போ. மானம் போயிடும் மனுஷனுக்கு."

ஏழடிக்க மூன்று நிமிடம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடியை ஒதுக்கிக்கொண்டார், விரல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சோப்பு விளம்பரம், ஒரு வண்டி விளம்பரம். செய்தியின் இசை வந்தது.

குட்டை முடிப் பெண் வணக்கம் சொன்னாள்.

பெரியம்மா தலைப்புச் செய்திகள் முடியும்வரை பார்த்தார். "இன்னைக்கும் லீவு போல" என்றார், டிவியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அப்போது தலையை ஆட்டியிருந்தால் போதும். வெறும் தலையாட்டல், அதற்குக் குரல்கூடத் தேவையில்லை. கழுத்து அசையவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை மெதுவாக அட்டைக்குப் போய்விட்டு மறுபடி என்னிடம் வந்தது.

"எத்தனை நாளா இவ?"

"ரெண்டாம் தேதியிலேருந்து."

"தினமும் பார்த்தியா?"

"ம்."

"அப்போ இது..." அட்டையைத் தூக்கிக் காட்டினார். "கை தவறி எழுதினது இல்ல."

"இல்ல."

குட்டை முடிப் பெண் எங்கோ மழை பெய்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைக் குறைக்க ரிமோட்டை எடுத்தேன். குறைக்காமல் கையில் வைத்துக்கொண்டேன். உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி பொய். நீங்கள் வராமல் போய்விடுவீர்களே என்பது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டிருக்கும்.

அவர் எழுந்தார். அட்டையைக் கவுன்டரில் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். புதிய பெட்டியைத் தொடவில்லை. பழையதை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். துணிப்பையில் போடவில்லை, வயரைச் சுற்றவும் இல்லை. ஒரு நூல் தொங்கினாலும் பொறுக்காதவர்.

அவர் கடைப் படியிறங்கும்போதுதான் எனக்குக் குரல் வந்தது. அத்தனை சத்தமாக நான் அதற்குமுன் பேசியதில்லை.

"முப்பதாம் தேதி வரைக்கும்தான் பெரியம்மா! அப்புறம் அதுவும் நின்னுடும்!"

தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. ஏதாவது சொல்வார் என்று கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்; திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. பெட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றி அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். தொங்கிய வயரின் முனை அவர் பின்னாலேயே தரையில் இழுபட்டுக்கொண்டு போய், எதிர்க் கட்டடத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறியது.